மெழுகுக் காகிதக் கண்டென்சர்

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு டெல்மரின் ஏணி கூரையில் சாய்ந்தபடி நின்றது. மழைநீர் வடியும் தகரத்தைச் சரிபார்க்க ஏறியவன் பாதியில் சாப்பிடப் போயிருக்க வேண்டும். மேல் படியில் அவனுடைய கையுறை ஒன்று, விரல்கள் கீழே தொங்கக் கிடந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வந்த மார்ச் மாதத்து ஈரக் காற்றில் அதன் ஒரு விரல் மட்டும் அசைந்தது. வெல்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிஞ்சிருச்சா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஹோபர்ட் கேட்டான்.

"வடிஞ்சிருச்சு."

"இந்தத் தடவ நீ கண்டுபிடிக்க மாட்ட, வெல். பந்தயம் வச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"ஒரு வாரத்துக்குப் பாத்திரம் கழுவுறது."

"ஏழு தடவ தோத்த ஆளு பேசுற பேச்சா இது? இவரத் துணி துவைக்கிறதையும் சேத்துக்கச் சொல்லு, கோய்."

மூலையில் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்த கோய் சிரித்தான். ஹோபர்ட்டும் சிரித்தான். அவன் சிரிப்பு எப்போதும் மூக்கில் தொடங்கி இருமலில் முடியும். இந்த முறை இருமல் வரவில்லை. சால்டரிங் அயர்ன் தரையில் விழும் சத்தம் வந்தது. வெல்டா கையுறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்பதால், "கைநழுவிருச்சா?" என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஹோபி," என்றான் கோய். பிறகு இன்னொரு முறை, வேறு குரலில், "ஹோபி."

*

கோய் பிளெவின்ஸ், ஹோபர்ட்டின் தங்கை நேடீனின் கணவன். நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் ஆலையில் உலைக்கதவு திறக்கும் வேலை. சனிக்கிழமை மாலைகளில் பழைய படைவீரர் மன்றத்தில் கிட்டார் வாசிப்பான். முப்பது வருடமாக ஒரே ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து அண்மையில் கரகரப்பு வரத் தொடங்கியது. உள்ளே கண்ணாடிக் குழாய் போலிருக்கும் வால்வுகளில் ஒன்று வழக்கத்துக்கு மீறிச் சுட்டது. ஹோபர்ட் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு ஒலியைக் கொண்டுபோகும் கண்டென்சரில் மின்சாரம் கசிகிறது என்றான்.

"மெழுகுக் காகிதம். முப்பது வருசத்துக்கு மேல யாரு உழைக்கச் சொன்னா? பிளாஸ்டிக் ஒண்ணு போட்டுர்றேன். உன் ஆயுசுக்கும் கசியாது."

"சத்தம் மாறிடுமே," என்றான் கோய்.

"சத்தம் எங்க மாறும்? ரெண்டுலயும் ஒரே அளவுதான் எழுதியிருக்கு. நீ இத்தன நாளாக் கேட்டது காகிதத்த இல்ல, கசிவ. பழுதுக்குப் பேரு இனிமையா?"

அந்த இடத்தில்தான் வெல்டா சமையலறையிலிருந்து பேச்சுக்குள் வந்தாள். அவள் பன்னிரண்டு வருடம் கண்டென்சர் ஆலையில் காகிதம் சுற்றியவள். மூச்சுவிட்டால் பறக்கும் மெல்லிய தாள் இரண்டு, நடுவில் அலுமினியத் தகடு, மறுபடி தாள், மறுபடி தகடு. காலால் மிதித்தால் கம்பி சுழலும். விரல்கள் தாளின் ஓரத்தை வழிநடத்த வேண்டும். சுருளை அறுத்து, கொதிக்கும் மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் மேற்பார்வைக்காரி வரிசையாக வந்து பெண்களின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பாள். வேர்க்கும் கை என்றால் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போக வேண்டும். ஒரு துளி வேர்வையின் உப்பு போதும், அந்தச் சுருள் பத்து வருடம் கழித்து எங்கோ ஒரு வீட்டு வானொலியில் கசியத் தொடங்கும். வெல்டாவின் கையைத் தொட்டுவிட்டு மேற்பார்வைக்காரி ஒருநாளும் நின்றதில்லை. அப்படிக் காய்ந்த கை.

பிறகு ஆலை பிளாஸ்டிக் தாளுக்கு மாறியது. அதை இயந்திரமே சுற்றியது. பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"கசியாத காகிதமும் அப்படித்தான் பேசும்," என்றாள் வெல்டா. "பிளாஸ்டிக் கடையில அறுத்து விக்கிற ரொட்டி மாதிரி. ஓரம் நேரா இருக்கும். காகிதம் கையால பிச்ச ரொட்டி."

"கோய், கேட்டுக்க. எம் பொண்டாட்டி காதால ரொட்டி சாப்பிடுறா."

"நான் திரும்பி நின்னுக்கிறேன். நீ எதைப் போட்டாலும் சொல்லுறேன்."

இப்படித்தான் அந்த ஆட்டம் தொடங்கியது. பெட்டிக்குள் கைவைக்க அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் நானூறு வோல்ட் அப்படியே நிற்கும். அதை வடிக்க ஒரு ஒயர். ஒரு நுனியில் கிளிப், நடுவில் மின்சாரத்தை மெல்ல இறக்கும் ரெசிஸ்டர், மறுநுனியில் இன்னொரு கிளிப். மேசையோரத்து ஆணியில் தொங்கும். பிளக் வெல்டாவின் நாற்காலிப் பக்கம் இருந்ததால் பிடுங்குவதும் வடிப்பதும் அவள் பொறுப்பு. அவன் கேட்பான், "வடிஞ்சிருச்சா?" அவள் பதில் சொல்லாமல் அவன் கை உள்ளே போகாது. கல்யாணமாகி இந்தப் பின்கட்டு அறையில் மேசை போட்ட நாளிலிருந்து அப்படித்தான். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் இந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் நடந்துவிடும்.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கி, கிளிப்பை மாட்டி, எடுத்து, ஜன்னலுக்குத் திரும்பி, பதில் சொல்லி, அவன் பற்றவைத்து, மறுபடி பிளக்கைச் செருகி, கோய் ஒரே தந்தியை ஒரே மாதிரி மீட்ட, அவள் சொல்லுவாள்: காகிதம். பிளாஸ்டிக். பிளாஸ்டிக். ஹோபர்ட் ஏமாற்றுவதற்காக ஒன்றையே இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். ஏழும் சரி. ஏழாவதில் கோய் எழுந்து கைதட்டினான். அவள் பாவாடையைப் பிடித்து மேடைக்காரி போல் குனிந்து வணக்கம் வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். அப்புறம் ஜன்னல். ஏணி. கையுறை.

பிடுங்கியதற்கும் ஜன்னலுக்கும் நடுவில் கிளிப்பை மாட்டினாளா?

*

சாவை விசாரிக்க வந்த மாவட்டத்து அதிகாரி இதயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹோபர்ட்டுக்கு இதயம் சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். மணிக்கட்டின் உள்பக்கம் மின்சாரம் சுட்ட பட்டாணி அளவு வெள்ளைத் தடத்தை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தும் இதயம் என்றே எழுதினார்.

அடக்கம் முடிந்த பிறகும் நேடீன் தினமும் வந்தாள். ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்த பன்றித் தொடை, சேமியாப் பாலாடைக்கட்டித் தட்டு, ஊறுகாய் பீட்ரூட், எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றி, ஒவ்வொன்றின் மேலும் கொண்டுவந்தவர் பெயரை ஒட்டினாள். அழுதுகொண்டே வேலை செய்பவள் அவள். வேலை நின்றால்தான் அழுகையும் நிற்கும்.

"அவசரக்காரன்," என்றாள், பாத்திரம் தேய்த்தபடி. "சின்ன வயசுலயே அப்படி. அம்மா அடுப்புல வச்சத ஆறவிட்டு எடுத்ததே இல்ல. எத்தன தடவ சொல்லியிருப்ப நீ?"

வெல்டா துடைக்கும் துணியை மடித்தாள்.

"பாத்துக் கை வச்சிருக்கணும். பொண்டாட்டி இருக்கிறவன் பாத்துக் கை வைக்கணும்ல? உன்னைய நெனச்சுப் பாத்தானா?"

"அவன் அப்படி இல்ல, நேடீன்."

"நீ விட்டுக்கொடுக்க மாட்ட. எனக்குத் தெரியாதா எங்க அண்ணன?"

நேடீன் மட்டுமல்ல. சர்ச்சில் போதகர் கவனமின்மையைப் பற்றி மென்மையாக இரண்டு வரி சொன்னார். மளிகைக் கடையில் டெல்மர், "ஒரு நிமிசம் பொறுத்திருந்தா," என்று இழுத்துவிட்டு அவளைக் கண்டதும் ரொட்டி அலமாரிப் பக்கம் நகர்ந்தான். இருபத்தாறு வருடம் ஒரு தடவைகூடக் கேட்காமல் கை வைக்காதவன், ஊர் வாயில் அவசரக்காரன் ஆகிக்கொண்டிருந்தான். அதை நிறுத்த, தான் வடிக்கவில்லை என்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பதிலைச் சொன்னது ஞாபகம் இருந்தது. கிளிப்பின் பல், கம்பியைக் கடிக்கும்போது கட்டைவிரலுக்குத் தெரியும் அந்தச் சின்ன அழுத்தமும் ஞாபகம் இருந்தது. ஆனால் அது ஏழில் எதனுடைய ஞாபகம்?

அடக்கத்தன்று கல்லறை வாசலில் கோய் அவளைத் தனியே நிறுத்திச் சொன்னான்: "வெல்டா, நீ வடிச்சாலும் அது திரும்ப ஏறும். பெரிய கண்டென்சர் அப்படித்தான்னு ஹோபியே சொல்லியிருக்கான். உள்ள ஊறிக் கெடந்தது மேல வரும். யாரு தப்பும் இல்ல." சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தன் தொப்பியின் உட்பட்டையைப் பார்த்தான்.

அது உண்மைதான், வடித்தாலும் கொஞ்சம் திரும்ப ஏறும். எவ்வளவு ஏறும் என்பதுதான் கேள்வி.

இரண்டு வாரம் அவள் பின்கட்டு அறைக் கதவைத் திறக்கவில்லை. பதினைந்தாம் நாள் நேடீன், "அந்தப் பெட்டிய ஆத்துல தள்ளச் சொல்லியிருக்கேன் கோய்கிட்ட. வியாழக்கிழம வருவான்," என்றாள்.

வியாழக்கிழமை காலை வெல்டா கதவைத் திறந்தாள். அயர்ன் விழுந்த இடத்தில் லினோலியம் கருகி, நாணயம் அளவு குழி. ஆம்ப்ளிஃபயர் வயிறு திறந்தபடி மேசையில் கிடந்தது. காகிதக் கண்டென்சர் ஒன்றும் பிளாஸ்டிக் ஒன்றும் பக்கத்தில் கிடந்தன. எட்டாவது தடவைக்கு அவன் எதை எடுக்கக் கை நீட்டினான் என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒயர் ஆணியில் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் நடமாடிய அறை. யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டியிருக்கலாம்.

முதலில் ஒயரை மீட்டரில் வைத்தாள். உள்ளே அறுந்திருந்தால் அவள் மாட்டியும் வடிந்திருக்காது. முள் நகர்ந்தது. பத்தாயிரம் ஓம். அசைத்துப் பார்த்தாள், முறுக்கிப் பார்த்தாள். அறுபடவே இல்லை. ஒயர் நன்றாக இருந்தது.

அவள் உட்கார்ந்து கோய்க்காகக் காத்திருந்தாள்.

*

பதினொரு மணிக்கு வேலை முடிந்து கோய் நேராக வந்தான். பூட்ஸில் ஆற்றுச் சேறு, சட்டையில் கோக் நெடி. வெல்டா அவித்த பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தாள். அவன் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைத் தட்டில் சாய்த்தான்.

"பெட்டிய எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஆத்துலயா போடப் போற?"

"போட மாட்டேன். நேடீன்கிட்ட போட்டேன்னு சொல்லிட்டு மன்றத்துல வச்சுருவேன்."

"முப்பது வருசமா அவகிட்ட நீ சொன்ன பொய் எதாச்சும் ஒரு வாரம் நின்னுருக்கா?"

கோய் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"உள்ள வா," என்றாள். "திரும்ப ஏறும்னு சொன்னேல்ல. பாத்துருவோம்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"வா."

அவன் வாசலிலேயே நின்றான். அவள் பிளக்கைச் செருகினாள். வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாகக் கண் விழித்தன. தூசி சுடும் வாசனை வந்தது, ஹோபர்ட்டின் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. அவள் மீட்டரின் சிவப்புக் கம்பியைப் பெரிய கண்டென்சரின் முனையில் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வோல்ட். பாட்டுக்குப் பாட்டு ஓய்வு கொடுப்பதற்காகக் கோய் கேட்டு, ஹோபர்ட் பொருத்திக் கொடுத்த சுவிட்சைத் தட்டினாள். அதைத் தட்டினால் வால்வு வழியாக எதுவும் வடியாது; அன்றும் அப்படித்தான் தட்டினார்கள். பிளக்கைப் பிடுங்கினாள். முள் இறங்கவே இல்லை போல நின்றது.

"பாத்தியா? வடிக்கலைன்னா இவ்வளவு."

"தெரியும் வெல்டா. தள்ளி நில்லு."

ஆணியிலிருந்து ஒயரை எடுத்து மாட்டினாள். முள் பூஜ்யத்துக்கு வந்தது. முப்பது எண்ணினாள், அவர்கள் எப்போதும் எண்ணும் கணக்கு. கிளிப்பை எடுத்து ஆணியில் மாட்டினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒரு நிமிடம் கழித்து மீட்டர் கம்பியைத் தொட்டு எடுத்தாள். பன்னிரண்டு. நான்கு நிமிடத்தில் இருபத்தாறு.

"ஏறுதுல்ல," என்றான் கோய். குரலில் ஒரு பிடிமானம் வந்தது. "நான் சொன்னேன்ல. விட்டா இன்னும் ஏறும்."

"விடுவோம்."

இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது. பத்து நிமிடத்தில் முப்பத்தொன்று. இருபது நிமிடம் கழித்தும் முப்பத்தொன்று.

"அன்னைக்கு நான் பதில் சொன்னதுக்கும் அவன் விழுந்ததுக்கும் நடுவுல ஒரு நிமிசம்கூட இல்ல, கோய்."

"அன்னைக்கு வேற மாதிரி இருந்திருக்கலாம். சூடு. ஏழு தடவ ஏத்தி எறக்கினது."

வெல்டா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வேர்த்திருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக, விரல் இடுக்கெல்லாம் நனையும்படி வேர்த்திருந்தது. இந்தக் கையோடு போயிருந்தால் மேற்பார்வைக்காரி அட்டைப்பெட்டிக்கு அனுப்பியிருப்பாள். அவள் ஒரு கையால் தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு மணிக்கட்டைக் கண்டென்சரின் முனைமேல் வைத்தாள்.

கோய் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். பெயிண்ட் டப்பா உருண்டது.

"பைத்தியமா ஒனக்கு?"

"ஒண்ணும் தெரியல," என்றாள். "எறும்பு ஊர்ற அளவுகூட இல்ல."

அவன் கை இன்னும் அவள் தோளில் இருந்தது.

"நீ என்னைப் பாத்துட்டு இருந்த," என்றாள். "நான் ஜன்னலப் பாத்தேன், அவன் பெட்டியப் பாத்தான். நீ மட்டுந்தான் அறையப் பாத்துட்டு இருந்த."

கோய் கையை எடுத்தான். டப்பாவை நிமிர்த்தி அதன் மேல் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான். உலைச்சூட்டில் அவன் புருவம் எப்போதும் பாதிதான் இருக்கும். அதனால் முகம் எந்நேரமும் ஏதோ கேட்டு வியந்தது போல் இருக்கும். இப்போது வயதான முகம்.

"ஆணியில இருந்துச்சு," என்றான்.

வெல்டா மீட்டரை மேசையோரமாக நகர்த்தினாள்.

"நீ குனிஞ்சு வணக்கம் வச்ச. பிளக்கப் புடுங்குன. ஒயர எடுக்கல. ஆணியில தொங்குனத நான் கண்ணால பாத்தேன் வெல்டா. அவன் கேட்டான், நீ சொன்ன. நீ சொன்னதும் எனக்குப் பாத்தது மறந்துபோச்சு. நீங்க ரெண்டு பேரும் கேட்டுச் சொன்னா அது வடிஞ்சிருச்சுன்னுதான் அர்த்தம். இத்தன வருசமா அப்படித்தான. நான் அடுத்த சத்தத்துக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்."

அவன் தொப்பியை இரண்டு கையாலும் திருப்பினான்.

"ஒரு வார்த்த. இருங்கன்னு ஒரு வார்த்த. சொல்லியிருந்தா நீ எனக்கும் சேத்து ஒரு ஏச்சு ஏசியிருப்ப, அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் திரும்ப ஏறும்னு சொன்னியா?"

"ஒனக்காகத்தான் சொன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "எனக்காகவும்," என்றான்.

அவள் ஆணியில் தொங்கிய ஒயரைப் பார்த்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"நேடீன் அவன அவசரக்காரன்ங்கிறா."

"தெரியும்."

"அவன் கேட்டான். நான் சொன்னேன். அதை அவகிட்ட நான் சொல்லப் போறேன். இன்னைக்கே."

"என்னையுமா?"

"உன் பங்க நீ சொல்லு. எனக்கு என்னோடதே போதும்."

கோய் தலையசைத்தான். "அவ என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா."

"பீன்ஸ் மிச்சம் இருக்கு," என்றாள் வெல்டா.

அவன் வந்த சிரிப்பை மூக்கிலேயே அடக்கிக்கொண்டான். அந்தச் சத்தம் ஹோபர்ட்டுடையதுபோல் இருந்தது.

பிறகு அவள், "இத இப்படி அரைகுறையா எடுத்துட்டுப் போகாத. முடிச்சுட்டுப் போ," என்றாள்.

"எனக்கா பத்தவைக்கத் தெரியும்?"

"உன் கிட்டார் ஒயரெல்லாம் யாரு பத்தவைக்கிறா? ரெண்டு முனைதான். எதப் போடுறியோ போடு. எங்கிட்டச் சொல்லாத."

அவள் ஒயரை எடுத்தாள். மாட்டினாள். அவன் எழுந்து வந்து, கிளிப்பின் பல் முனையைக் கடித்திருப்பதைக் குனிந்து பார்த்தான். அவள் மீட்டரை வைத்து, "பூஜ்யம்," என்று எண்ணைப் படித்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை. கிளிப்பைக் கழற்றவும் இல்லை. அது இருந்தபடியே இருக்க, அவன் அயர்னைச் சூடாக்கினான்.

அவள் ஜன்னலுக்குத் திரும்பினாள். டெல்மர் ஏணியை எடுத்திருக்கவில்லை. மழையில் நனைந்து ஊறிய கையுறை மேல்படியோடு ஒட்டிக் கிடந்தது. பின்னால் ஈயம் உருகும் வாசனை. கோய் ஒரு தடவை வாய்க்குள் திட்டினான். பிறகு கிளிப்பைக் கழற்றும் சத்தம், ஆணியில் அது உரசும் சத்தம், பிளக் செருகும் சத்தம். வால்வுகள் சூடாகும்வரை நின்றார்கள்.

வித்தியாசம் கேட்காமல் போய்விட வேண்டும் என்று அவள் விரும்பினாள். ஹோபர்ட் சொன்னதே சரியாக இருந்து, ரெண்டும் ஒன்றுதான், இவ்வளவு நாளும் வீம்புக்குப் பேசினோம் என்று ஆகிவிட வேண்டும். ஏழும் குருட்டாம்போக்கில் விழுந்தவையாக இருக்கட்டும்.

கோய் தந்தியை மீட்டினான். ஏழு தடவையும் மீட்டிய அதே தந்தி, அதே இடம். ஒலி எழுந்து அறையை நிறைத்து மெல்ல இறங்கியது. அதன் முன்னோரம் நேராக இல்லை. பிய்த்தது போல் கொஞ்சம் உதிர்ந்து, கொஞ்சம் மூச்சு கலந்து வந்தது.

அது அடங்கும்வரை கோய் பொறுத்திருந்தான்.

"சொல்லு," என்றான்.

"காகிதம்," என்றாள்.

"ஆமா."